ஏழாம் வகுப்பு முகக்கவச விவகாரம்

மார்ச் 7, திங்கள்

இன்று முதல் முறுக்கு உண்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். ஐம்பத்தாறு வயதில் ஒருவன் எடுக்கும் முடிவுகளில் இதன் கனம் எத்தகையது என்பதைப் பின்னால் வருகிறவர்கள் உணர்வார்கள். காலை ஆறு மணிக்கு ஆழ்ந்த யோசனைக்குப் பின் எடுத்து, ஆறு ஐந்துக்கு மனைவி கோமதிக்கு முறைப்படி தெரிவித்தேன்.

"சீடையும்தானே?" என்றாள்.

சீடை, தட்டை, வறுகடலை ஆகியவையும் அடங்கும் என்று உடனடியாகத் திருத்தம் கொண்டுவரப்பட்டது. காரணம், பொதுவான உடல்நலம். வேறு காரணம் இல்லை.

சனிக்கிழமை பல் டாக்டரைப் பார்த்ததையும் குறித்துவைக்கிறேன். மேல்வரிசையின் முன்பக்கத்தில் ஒருவர் ஏற்கெனவே விலகியிருந்தார். அக்கம்பக்கத்தில் நின்ற மூவரையும் தட்டிப் பார்த்த டாக்டர், "இவங்களும் அதே கட்சிதான் சார்" என்று மூவரையும் அன்றே வெளியேற்றினார். நால்வருக்கும் மாற்று ஏற்பாடு ஏப்ரல் எட்டாம் தேதி தயாராகும்.

பள்ளியில் முகக்கவசம் கட்டாயம் என்ற விதி இன்னும் நடைமுறையில் இருக்கிறது. மிக நல்ல விதி.

மார்ச் 9, புதன்

கோவில்பட்டியில் ஓர் அரசு உதவிபெறும் நடுநிலைப் பள்ளியில் முப்பத்திரண்டு ஆண்டுகளாகக் கணக்கு ஆசிரியனாக இருக்கிறேன். இந்த ஆண்டு ஏழாம் வகுப்பின் வகுப்பாசிரியன். மாணவர்கள் நாற்பத்தொருவர். இத்தனை ஆண்டுகளில் எனக்குப் பட்டப்பெயர் வைக்க எவருக்கும் துணிவு வந்ததில்லை. இதைத் தற்பெருமையாக அல்ல, புள்ளிவிவரமாகவே எழுதுகிறேன்.

பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் சௌந்தரபாண்டி அண்ணாச்சி இன்று வந்தார். கடைத்தெருவில் கடலை மிட்டாய்க் கடை வைத்திருக்கிறார். மகன் தர்ஷன் என் வகுப்பு. கையில் ஃப்ரேம் போட்ட குரூப் போட்டோ இருந்தது. பள்ளி மறுபடி திறந்த நவம்பரில், எல்லாரும் முகக்கவசத்துடன் எடுத்துக்கொண்ட படம்.

"சார், இத கடையில மாட்டி வச்சிருக்கேன். ரெண்டாவது வரிசையில அஞ்சாவது, அதான் எம் மவன்னு நாலு மாசமா வாரவன் போறவனுக்கெல்லாம் காட்டிட்டிருக்கேன். நேத்து மிட்டாய் வாங்க ஒரு அம்மா வந்துச்சு. அது எம் பிள்ள மாரிச்செல்வம்லாங்குது."

"அப்ப தர்ஷன்?"

"மூணாவது வரிசைங்கான். அதுவும் அவனுக்கே நிச்சயமில்ல சார்."

வகுப்பில் இனி மாஸ்க் கூடாது, ஆண்டிறுதிப் போட்டோவில் கூடவே கூடாது, வெள்ளிக்கிழமை கூட்டம் போட வேண்டும் என்று சொல்லிவிட்டு எழுந்தார். வழக்கம்போல ஒரு பொட்டலம் கடலை மிட்டாயை மேசையில் வைத்துவிட்டுப் போனார். நான் தொடவில்லை. மூன்றாம் தேதியும் இப்படித்தான் ஒரு பொட்டலம் வைத்துவிட்டுப் போனார். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 11, வெள்ளி

மூன்று மணிக்கு அறிவிக்கப்பட்ட கூட்டம் சரியாக நான்கு மணிக்குத் தொடங்கியது. ஆசிரியர் தரப்பு: கட்டாயம் வேண்டும். பெற்றோர் தரப்பு: கூடாது. ஆசிரியர் தரப்புக்கு நான் தலைமை ஏற்றேன். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. நெருக்கடியில் தலைமை அப்படித்தான் உருவாகிறது.

"பிள்ள பாடம் கேக்கானா, கொட்டாவி விடுதானான்னு வாத்தியாருக்குத் தெரிய வேண்டாமா?" என்றார் ஒரு தந்தை.

"தெரியாம இருக்கதுதான் எங்களுக்கும் நிம்மதி" என்றார் அறிவியல் ஆசிரியர். நம் தரப்புக்கு இது உதவவில்லை.

"எம் பிள்ள அஞ்சு மாஸ்க்க தொலைச்சிட்டான். ஆறாவதா எவனோடதையோ போட்டுட்டு வாரான். இதுக்கு நோயே வரட்டும்" என்றார் ஒரு தாய்.

நான் நாற்பது நிமிடம் பேசினேன். மூக்கின் அமைப்பில் தொடங்கி, நெசவின் வரலாறு வழியாக, காற்றில் நீர்த்துளி பயணம் செய்யும் தூரம்வரை சென்றேன். இரண்டடுக்குத் துணியாலும், தற்காலிகமான ஒரு காற்றுக்கசிவாலும் ஒரு சொல்கூட யாருக்கும் விளங்கவில்லை என்று பிறகு அறிந்தேன். ஆனாலும் முடித்ததும் பலத்த கைதட்டல். இப்பள்ளியில் எனக்குக் கிடைத்த முதல் கைதட்டல்.

தலைமையாசிரியை ஞானசௌந்தரி டீச்சர், "ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு" என்றார். இருபது ஆண்டுகளாக எல்லாக் கூட்டங்களிலும் சொல்லிவருவது இது. பிறகு தீர்மானத்தைத் தம் கையாலேயே எழுதினார்: முகக்கவசம் கட்டாயம். பெற்றோர் கடிதம் கொடுத்தால் மூக்கை வெளியே விடலாம். மூச்சுத் திணறும் என்பவர்கள் தாடையில் அணியலாம். எந்த இடத்தில் அணிந்தாலும் அணிந்திருக்க வேண்டும். ஒருமனதாக நிறைவேறியது.

வெற்றி.

மார்ச் 14, திங்கள்

தீர்மானம் அமலுக்கு வந்தது. ஏழாம் வகுப்புக் கணக்கெடுப்பு: முழுமையாக அணிந்தவர் 19, மூக்கு வெளியே 14, தாடையில் 7, நெற்றியில் 1 (தர்ஷன்).

முழுமையாக அணிந்தவர்களில் இசக்கிப்பிரியா ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு அணிந்திருந்தாள். நவம்பரில் பக்கத்துக் கிராமத்துப் பள்ளியிலிருந்து வந்து சேர்ந்தவள். தாய் தீப்பெட்டி ஆபீசில், அதாவது தீப்பெட்டித் தொழிற்சாலையில், வேலை பார்க்கிறார். வகுப்பிலேயே அதிகம் பேசுகிறவள் இவள்தான். சதவீதக் கணக்கில் நான் ஒரு படி விட்டுவிட்டால் மூன்றாம் பெஞ்சிலிருந்து, "சார், நடுவுல ஒண்ணக் காணோம்" என்பாள். கண்டிக்க நினைப்பேன். படி உண்மையிலேயே காணாமல்தான் போயிருக்கும்.

மார்ச் 16, புதன்

கஞ்சி.

மார்ச் 18, வெள்ளி

ஆசிரியர் அறையில் உண்பதைச் சில நாட்களாகத் தவிர்க்கிறேன். சத்துணவுக்கூடத்துக்கு எதிரே, சைக்கிள் ஷெட்டின் மறுபக்கம் காற்றோட்டம் நன்றாக இருக்கிறது. இன்று போகிற போக்கிலேயே முகக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு போனேன். அங்கே ஏற்கெனவே ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். இசக்கிப்பிரியா. மடியில் டிபன் பாக்ஸ், கழுத்தில் இரண்டு முகக்கவசங்கள்.

ஒருவர் வாயை ஒருவர் பார்த்தோம். இருவருக்கும் மூடிக்கொள்ள நேரமிருக்கவில்லை.

அவளுடைய மேலுதட்டில் மூக்கின் அடிவரை ஒரு தையல் தழும்பு. உதடு ஒரு பக்கம் சற்று ஏறி நிற்கிறது.

"சார், பல்லு எங்க சார்?"

"கடல மிட்டாய்."

"அண்ணாச்சி கடையா?"

"ஆமா."

புரையேறும்வரை சிரித்தாள். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுத் தானாகவே சொன்னாள்.

"எனக்குப் பொறக்கும்போதே உதடு பிளந்திருந்துச்சு சார். ரெண்டு ஆபரேசன் பண்ணியாச்சு. பழைய பள்ளிக்கூடத்துல ஒரு பேர் வச்சாங்க." அந்தப் பெயரையும் சொன்னாள். நான் அதை இங்கே எழுதப்போவதில்லை. "இங்க யாருக்கும் தெரியாது. மாஸ்க் இருக்க வரைக்கும் நானும் சும்மா ஒரு பிள்ள. சொல்லிராதிய சார்."

"நீயும் சொல்லிராத."

உடன்பாடு எழுத்தில் இல்லை. ஆனாலும் செல்லும்.

மார்ச் 22, செவ்வாய்

மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. "முகக்கவசம் அணிவது கட்டாயமில்லை, ஆயினும் அணிவது நல்லது." தலைமையாசிரியை மூன்று முறை படித்துவிட்டு, "ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு" என்றார்.

மாலைக்குள் அண்ணாச்சி வாக்கியத்தின் முதல் பாதியை மட்டும் ஃப்ளெக்ஸ் அடித்துப் பள்ளி வாசலில் கட்டிவிட்டார். நான் காலை வழிபாட்டில் இரண்டாம் பாதியை மட்டும் வாசிப்பது என்று முடிவு செய்திருக்கிறேன். இரு தரப்பும் அரசுடன் முழுமையாக ஒத்துப்போகிறோம்.

மார்ச் 24, வியாழன்

ஃப்ளெக்ஸ் வென்றது. ஏப்ரல் முதல் தேதியிலிருந்து வகுப்பறையில் முகக்கவசம் தேவையில்லை. ஆறாம் தேதி குரூப் போட்டோ, எல்லாரும் முகம் தெரிய.

இயக்கத்தின் தலைவன் என்ற முறையில் இதைத் தந்திரோபாயமான பின்வாங்கல் என்று கருதுகிறேன்.

மார்ச் 25, வெள்ளி

இசக்கிப்பிரியாவின் தாய் பேச்சியம்மாள் மாற்றுச் சான்றிதழ் கேட்டு மனுவுடன் வந்தார். வகுப்பாசிரியன் பார்த்து அனுப்பினால்தான் தலைமையாசிரியையிடம் போகும். மனுவில் தேதி இல்லை. திருப்பிக் கொடுத்தேன்.

மார்ச் 28, திங்கள்

மனுவில் தேதி இருந்தது. "ஐயா" என்று விளித்திருந்தது. தலைமையாசிரியை ஒரு பெண்மணி. திருப்பிக் கொடுத்தேன்.

மார்ச் 30, புதன்

"அம்மா" என்று இருந்தது. காரணம், "குடும்பச் சூழ்நிலை". அது சட்டப்படி போதாது என்றேன். அப்படி ஒரு சட்டம் இருக்கிறதா என்பதைப் பிறகு பார்க்க வேண்டும்.

"சார், மூணு நாளா ஆபீஸ்ல பெர்மிசன் கேட்டுக் கேட்டு வாரேன். இனிமே விட மாட்டாக. இன்னிக்காவது வாங்கிக்கிடுங்க."

"வாங்கி எந்தப் பள்ளிக்கூடத்துல சேக்கப் போறீங்க?"

அவர் ஃப்ளெக்ஸ் இருந்த திசையைப் பார்த்தார். "எங்க சேத்தாலும் மூஞ்சி இதானே சார். வீட்ல இருந்து தீப்பெட்டி ஒட்டட்டும். பெட்டி ஒட்ட மூஞ்சி வேண்டாம்லா."

மனு இரண்டாக மடிக்கப்பட்டிருந்தது. மனுவை மடிக்கக்கூடாது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். அவர் வெளியே போய் வாசல் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். நான் நோட்டுத் திருத்தினேன். ஒரே நோட்டை இரண்டு முறை திருத்தியிருக்கிறேன் என்று இப்போது தெரிகிறது.

மார்ச் 31, வியாழன்

சைக்கிள் ஷெட்.

"எங்கம்மா மனுவ ஏன் சார் வாங்க மாட்டேங்கிய?"

"பிழை இருக்கு."

"எழுதிக் குடுத்தது நான் சார். பிழை இல்ல."

இட்லியைப் பாலில் ஊறவைத்துக் கொண்டுவந்திருந்தேன். அதில் கவனம் செலுத்தினேன்.

"நாளைக்கு நீ மாஸ்க் போட்டுக்கலாமே. கட்டாயமில்லைனுதானே இருக்கு. கூடாதுன்னு இல்லையே."

"எல்லாரும் கழட்டி நான் மட்டும் போட்டிருந்தா, உள்ள என்ன வச்சிருக்கன்னு பிடிச்சு இழுப்பாங்க சார். நீங்க போட்டுட்டு வருவியளா?"

"வருவேன்."

"உங்கள யாரு இழுக்கப் போறா." டிபன் பாக்ஸை மூடினாள். "எட்டாம் தேதி உங்களுக்குப் பல்லு வந்துரும். எனக்கு?"

மணி அடித்துவிட்டதால் பதில் சொல்ல நேரமில்லை. மணி ஒரு நிமிடம் கழித்து அடித்திருக்கவும் வாய்ப்புண்டு.

ஏப்ரல் 1, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதல் பிரிவேளை கணக்கு. வகுப்பில் முகக்கவசம் அணிந்திருந்தவர்கள் இருவர்: ஆசிரியர் ஒருவர், மூன்றாம் பெஞ்சில் ஒருத்தி. மற்ற முப்பத்தொன்பது பேரும் ஒருவரையொருவர் முதன்முதலாகப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் வரவில்லை. காய்ச்சல். தர்ஷன் மூன்றாம் பெஞ்சை நோக்கித் திரும்பி, "ஏய், கழட்டுட்டி, பாப்போம்" என்றான். கையையும் நீட்டினான்.

அந்த நேரத்தில் என் முகக்கவசத்தின் காதுப்பட்டி அறுந்துவிட்டது.

"தர்ஷன்" என்று கூப்பிட்டேன். முப்பத்திரண்டு ஆண்டுகளாகக் கூப்பிடும் அதே குரலில்தான். ஆனால் நான்கு பேர் இல்லாததால் அது வேறொரு ஒலியாக வெளியே வந்தது.

ஏப்ரல் முதல் தேதி என்பதால் முதலில் யாரும் நம்பவில்லை. நான் ஏதோ செய்துகொண்டு வந்திருக்கிறேன் என்று நினைத்தார்கள். மாரிச்செல்வம் எழுந்து கிட்டே வந்து பார்த்துவிட்டுத் திரும்பி, "நெசமாவே இல்லல" என்று அறிவித்தான்.

சிரிப்பு என் கைக்கடிகாரப்படி ஏழு நிமிடம் நீடித்தது. பக்கத்து வகுப்பிலிருந்து அறிவியல் ஆசிரியர் வந்து எட்டிப் பார்த்தார். அவரும் ஒரு நிமிடம் இருந்துவிட்டுப் போனார்.

"சார், பல்லு எங்க சார்?" என்றான் தர்ஷன்.

"உங்கப்பா கடை மிட்டாயில இருக்கும். போய்த் தேடு."

இதற்கு மேலும் மூன்று நிமிடம். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி, ஒழுங்கை நிலைநாட்டும் பொருட்டு ஒரு சதவீதக் கணக்கை எழுதினேன். திரும்பியபோது மூன்றாம் பெஞ்சின் மேல் இரண்டு முகக்கவசங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக மடித்து வைக்கப்பட்டிருந்தன. எப்போது என்று தெரியாது. அவளும் எல்லாரையும்போல வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் கொஞ்சமாகப் பிள்ளைகள் கவனித்தார்கள். சிரிப்பு அடங்கியது. எனக்குச் சாக்பீஸ் கீழே விழுந்துவிட்டது.

"உனக்கும் மிட்டாயா?" என்றான் மாரிச்செல்வம்.

"இல்லல. இது பொறந்ததுலருந்தே. ஒரிஜினல்" என்றாள் இசக்கிப்பிரியா. பிறகு பலகையைக் காட்டி, "சார், நடுவுல ஒண்ணக் காணோம்" என்றாள்.

பல்லைச் சொல்கிறாள் என்று நினைத்து வகுப்பு மறுபடி சிரித்தது. அவள் கணக்கைத்தான் சொன்னாள். ஒரு படி விடுபட்டிருந்தது.

முகக்கவச இயக்கம் இத்துடன் முறைப்படி தோற்றுவிட்டதாகப் பதிவு செய்கிறேன். கோமதியிடம் பாயசம் வைக்கச் சொன்னேன்.

ஏப்ரல் 2, சனி

கோமதி என் முகக்கவசத்தைத் துவைத்துக் காயப்போட்டாள். பட்டி இரண்டும் நன்றாகத்தான் இருக்கிறது என்கிறாள். அவளுக்குக் கண் பரிசோதனை செய்ய வேண்டும்.

ஏப்ரல் 4, திங்கள்

எனக்குப் பட்டப்பெயர் வந்துவிட்டது. பிரம்மநாயகம் என்ற என் பெயர் இப்போது பொக்கை நாயகம். ஐந்தாம் வகுப்புவரை பரவியிருக்கிறது. மூன்றாம் பெஞ்சுக்குப் புதிதாகப் பெயர் ஏதும் வைக்கப்பட்டதா என்று மாரிச்செல்வத்திடம் விசாரித்தேன்.

"அதுக்கெல்லாம் எங்க சார் நேரம்" என்றான்.

ஒரு வகுப்பால் ஒரு நேரத்தில் ஒரு பட்டப்பெயரைத்தான் பராமரிக்க முடியும் போலிருக்கிறது. கல்வியியலில் யாரும் எழுதியதாகத் தெரியவில்லை.

மாலை அண்ணாச்சி வந்தார். முதன்முறையாகக் கையில் பொட்டலம் இல்லை.

"சார், ஊரெல்லாம் ஒரே பேச்சா இருக்கு. பிள்ளைக கடைக்கு முன்னால வந்து நின்னு, 'அண்ணாச்சி, பல்லு வச்ச மிட்டாய் இருக்கா'ன்னு கேக்குதுக. வாங்க வந்தவுகளும் கேட்டுட்டுப் போயிருதாக."

"அதுக்கு நான் என்ன செய்யணும்?"

"பல்லு கட்டுற வரைக்கும் மாஸ்க் போட்டுக்கிடுங்க சார். அணிவது நல்லதுன்னு சுற்றறிக்கையிலயே இருக்குல்லா."

"கட்டாயமில்லைனும் இருக்கு அண்ணாச்சி. நீங்கதானே ஃப்ளெக்ஸ் அடிச்சீங்க."

அவர் சன்னல் வழியாக வாசலில் இருந்த ஃப்ளெக்ஸைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எழுத்து பெரிதாகவும் தெளிவாகவும் இருக்கிறது.

ஏப்ரல் 6, புதன்

குரூப் போட்டோ. நாற்பத்தொருவரும் வந்திருந்தார்கள். "வாத்தியார் மட்டும் வாய மூடிக்கிட்டா நல்லாருக்கும்" என்றார் போட்டோக்காரர். பிள்ளைகள் சம்மதிக்கவில்லை. இசக்கிப்பிரியா இரண்டாவது வரிசையில் ஐந்தாவதாக நின்றாள். பக்கத்தில் நிற்பது யார் என்று இரண்டு பெண்களுக்குள் தகராறு வந்ததால் ஐந்து நிமிடம் தாமதம்.

பேச்சியம்மாள் நான்காவது மனுவுடன் வந்து பள்ளி கேட் அருகே நின்றிருந்தார். தூரத்திலிருந்தே பார்த்தேன். தாள் மடிக்கப்படாமல் இருந்தது. படம் எடுத்து முடியும்வரை மகளையே பார்த்துக்கொண்டு, வெயிலுக்கு அந்தத் தாளால் விசிறிக்கொண்டு நின்றார். பிறகு வேலைக்கு நேரமாகிவிட்டது போலும், போய்விட்டார்.

மனு எதுவும் இன்று பெறப்படவில்லை.

ஏப்ரல் 8, வெள்ளி

பல் செட் தயார் என்று டாக்டர் போன் செய்தார். பள்ளி ஆண்டு முடியும்வரை வர இயலாது, வேலைப் பளு என்றேன்.

"அடுத்த தெருவுலதான கிளினிக். பத்து நிமிச வேலை" என்றாள் கோமதி.

பட்டப்பெயர் இப்போதுதான் ஊன்றியிருக்கிறது, இடையில் விட்டுவிட்டால் பிள்ளைகளுக்குக் கை சும்மா இருக்காது என்று அவளிடம் விளக்க முற்பட்டேன். விளக்கம் சரியாக அமையவில்லை. அவள் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு உள்ளே போய்க் கேசரி கிண்டினாள். இன்று விசேஷம் ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 21, வியாழன்

கழிப்பறைச் சுவரில் கரியால் என் படம். நான்கு பல் விட்டு வரைந்திருக்கிறார்கள். விகிதம் சரியாக இருக்கிறது.

ஜூன் 13, திங்கள்

பள்ளி திறந்தது. எட்டாம் வகுப்புக்கும் நானே வகுப்பாசிரியன். புதிய வருகைப் பதிவேட்டில் பெயர்களை எழுதினேன். நாற்பத்தொன்று.